நேராக விழுவதும் நெடுநேரம் நிற்பதும்

சூரியன் பூமிக்கு மிக அருகில் இருப்பது எந்த மாதத்தில் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சித்திரை என்றோ வைகாசி என்றோ பதில் வரும். நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்திய காலமெல்லாம் இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை விடுங்கள், ஆசிரியர் அறையில் கேட்டாலும் அதே பதில்தான். கிட்டப் போனால் சுடும் என்பதுதானே நம் எல்லோருடைய அனுபவமும்!

நடப்பது இதற்கு நேர்மாறு. ஜனவரி முதல் வாரத்தில், மார்கழி முடியப்போகும் சமயத்தில், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஏறக்குறைய 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில், ஆனி மாதத்தில், அது 15 கோடியே 21 லட்சம் ஆகிவிடுகிறது. அரைக் கோடி கிலோமீட்டர் நெருங்கி வந்து நிற்கும் நாட்களில்தான் நாம் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறோம். அதே ஜனவரியில் மெல்போர்னில் இருக்கும் என் தம்பி மகன், "வெயில் தாங்கல அத்தை" என்று போனில் புலம்புவான். இரண்டு பேருக்கும் ஒரே பூமி, சூரியனிடமிருந்து ஒரே தூரம். ஒருவருக்குப் பனி, ஒருவருக்கு வெயில். ஆகவே பருவத்துக்கும் தூரத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி சம்பந்தமில்லை.

இதை இப்போது எடுத்துப் பேச ஒரு காரணம் உண்டு. என் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு கடைசியில் கிலோமீட்டரில் வந்து நின்றுவிடுகிறது. யார் பிள்ளை எந்த ஊரில், யார் மகள் எந்த நாட்டில், அவசரத்துக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும். பக்கத்துத் தெருவிலேயே பிள்ளை இருப்பவரைப் பார்த்து மற்றவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்வதற்கு முன்னால் வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

பூமி 23.4 டிகிரி சாய்ந்தபடி சுற்றுகிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தச் சாய்வு இப்படியும் அப்படியுமாக ஆடுவதில்லை. வருடம் முழுவதும் அச்சின் வட முனை துருவ நட்சத்திரம் இருக்கும் திசையையே பார்த்திருக்கிறது. சாய்வு மாறாமல் சூரியனைச் சுற்றி வருவதால் ஜூன் மாதத்தில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்ததாக அமைகிறது, டிசம்பரில் தென்பாதி. இதனால் ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன: நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது ஒன்று, எத்தனை மணி நேரம் நம்மோடு இருக்கிறது என்பது மற்றொன்று. கோடையும் குளிரும் இந்த இரண்டிலிருந்து பிறக்கின்றன.

உயரம் ஏன் முக்கியம்? ஒரு கரண்டி மாவைச் சின்னக் கல்லில் ஊற்றினால் தோசை கனமாக வரும். அதே கரண்டி மாவைப் பெரிய கல் முழுக்க இழுத்தால் மெல்லிசாகிவிடும். மாவு குறையவில்லை, பரப்புதான் கூடியது. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. டிசம்பர் 21 அன்று அதே நண்பகலில் தெற்குப் பக்கம் இறங்கி 53 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கிறது. அப்போது ஒரு சதுர அடியில் விழ வேண்டிய கதிர் ஒன்றே கால் சதுர அடியில் பரவுகிறது. லண்டனில் அதே நாளில் நண்பகல் சூரியன் எழுவதே 15 டிகிரிதான். அங்கே ஒரு சதுர அடிக் கதிர் நாலு சதுர அடிக்குக் கிட்டத்தட்டப் பரவிப்போகிறது. போதாக்குறைக்குச் சாய்ந்து வரும் கதிர் அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டியிருப்பதால் வழியிலேயே கொஞ்சம் தேய்ந்தும் விடுகிறது.

அடுத்தது நேரம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 53 நிமிடம், மிகக் குறுகிய பகல் 11 மணி 21 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம். கன்னியாகுமரியில் அது ஒரு மணி நேரம்கூட இல்லை. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே படிக்கும் என் பேத்தி டிசம்பரில் கூப்பிடும்போது அவள் ஊரில் நாலு மணி ஆகியிருக்காது, ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருக்கும். சாய்வையும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள். வளிமண்டலத்தின் மேல் விளிம்பில் வந்து விழும் வெயிலைக் கணக்கிட்டால், ஜூனில் ஒரு நாளில் லண்டனுக்குக் கிடைப்பது டிசம்பரில் கிடைப்பதைப்போல ஆறு மடங்கு. சென்னைக்கு அதிகபட்ச நாளும் குறைந்தபட்ச நாளும் ஒன்றே கால் மடங்குக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசத்தோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதாக வடநாட்டார் ஒப்புக்கொள்வதே இல்லை.

ஆனால் வடக்கே நடக்கும் அந்தப் பெரிய ஏற்ற இறக்கம் நம்மையும் வந்து தொடுகிறது. சூரியன் தெற்கே போனதும் ஆசியாவின் பெரும் நிலப்பரப்பு குளிர்கிறது, காற்று திசை மாறுகிறது, வங்கக் கடல் மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகிழக்கிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டின் வருட மழையில் பாதிக்குக் கிட்டத்தட்ட இந்த ஐப்பசி, கார்த்திகை மழைதான். பூமி நெட்டுக்குத்தாக நின்றிருந்தால் எல்லா ஊருக்கும் எல்லா நாளும் பன்னிரண்டு மணி நேரப் பகல்; காரும் கூதிரும் முன்பனியும் என்று ஆறு பெரும்பொழுது வகுக்க நம்மவர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

சாய்வின் கணக்கு அந்தக் காலத்துப் பெண்களுக்கு அத்துப்படி. மாயவரத்துப் பக்கம் நான் பிறந்த வீட்டில் முற்றம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் வெயில் தெற்கேயிருந்து சாய்ந்து வந்து வடக்குத் தாழ்வாரத்தில் விழும். வயதானவர்களின் பாய் அங்கே போய்விடும். ஆனி, ஆடி நண்பகலில் வெயில் முற்றத்தின் தென்பாதிக்கு ஒதுங்கும். மாசி கடைசியில் கூழ் காய்ச்சி வடாம் பிழிவார்கள். காற்றில் ஈரம் குறைந்து, வெயில் நிமிர்ந்து, பகலும் நீளத் தொடங்கும் மாதம் அது. யாரும் டிகிரி சொல்லவில்லை. பாயை எங்கே விரிப்பது, வடாத் துணியை எப்போது எடுப்பது என்பதிலேயே எல்லாக் கணக்கும் இருந்தது.

இன்று அடுக்குமாடி விற்பவர்கள் "வடக்குப் பார்த்த ஜன்னல், வெயிலே வராது" என்கிறார்கள். சென்னையில் ஏப்ரல் 24 முதல் ஆகஸ்ட் 18 வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. ஆனி மாத நண்பகலில் தெருவில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள், தெற்கே விழுந்திருக்கும். கத்திரி வெயிலில் ஏ.சி. ஓடும்போது வடக்கு ஜன்னலிலும் திரை வேண்டும். வீடு வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது, வாஸ்து கேட்டுக்கொள்வதைவிடப் பயனுள்ளது என்பது என் அபிப்பிராயம்.

பழைய கட்டடக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுக்க இரண்டு கோல் நட்டுச் சூரியனின் நிழலால் திசை குறிக்கும் இடம் வரும். நிழல் எந்தப் பக்கமும் சாயாத நாளை இதற்குத் தேர்ந்தார்கள் என்றும், அது சித்திரையில் வரும் என்றும் உரைகாரர்கள் விளக்குவார்கள். நம் காலத்தில் கன்னியாகுமரி காந்தி மண்டபம் இருக்கிறது. அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியாகச் சூரியக் கதிர், அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். கூட்டம் எல்லாம் அன்றைக்குத்தான். சூரியன் அதே உயரத்துக்கு மார்ச் 11, 12 வாக்கிலும் வருகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இனி என் வயதுக்காரர்கள் பேச்சுக்கு வருகிறேன். ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளை, செருப்பை மாட்டிக்கொண்டே "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் லிப்டில் ஏறிவிடுகிறான். குறை சொல்லவில்லை, அவனுக்கு ஆயிரம் வேலை. ஆனால் அது டிசம்பர் மாதத்து லண்டன் வெயில். அக்கறை இருக்கிறது, சாய்வாக விழுகிறது, நாலு சதுர அடிக்குப் பரவிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு தடவை பேசும் பேத்தி, போனை நிமிர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, நான் பார்த்த டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரையை மாற்றினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். கடலும் கண்டமும் தாண்டி இருந்தாலும் அது உச்சி வெயில். நேராக விழுகிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது. அந்த இரண்டும் சேர்ந்தால் தூரம் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. இது பெற்றவர்களுக்கும்தான். ஒரே வீட்டில் வளர்த்தோம், எல்லாம் வாங்கிக் கொடுத்தோம் என்கிறோமே, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அரை மணி நேரம் கேட்டோமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெயில் எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது இதைவிடப் பெரியது. சென்னைக்கு நேர் மேலே சூரியன் நிற்பது ஏப்ரல் 24 அன்று. சூடு உச்சத்துக்குப் போவது அன்றைக்கல்ல. கத்திரி வெயில் என்று நாம் சொல்லும் அக்னி நட்சத்திரம் பிறப்பதே மே 4 வாக்கில்தான், முடிவது மே 28 வாக்கில். சென்னையில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு! காரணம் எளிது. மண்ணும் கடலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூடேறுகின்றன. வாங்குவது இழப்பதைவிடக் கூடுதலாக இருக்கும்வரை சூடு சேர்ந்துகொண்டே போகும். அதன்மேல் அந்த ஆண்டின் மேற்குக் காற்று, கடற்காற்று வரத் தாமதம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகஸ்ட் 18 அன்று சூரியன் மறுபடியும் நேர் மேலே வருகிறது. அப்போது மேகமும் சாயங்கால மழையுமாக இருப்பதால் அப்படி ஒரு நாள் வந்துபோனதே தெரியாது.

குளிரிலும் இப்படித்தான். டிசம்பர் 21, 22 தேதியில் சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்பிவிடுகிறது. அன்றிலிருந்து பகல் வளர்கிறது. ஆனால் குளிர் கூடுவது ஜனவரியில். ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படர்ந்திருக்கும் நாட்களில் பகல் ஏற்கெனவே நீள ஆரம்பித்திருக்கும். இன்னொரு வேடிக்கை, சென்னையில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் கடைசிப் பாதியில், கார்த்திகை மாதத்தில். மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி கடைசிப் பாதியில், தை மாதத்தில். பூமி சூரியனைச் சீரான வேகத்தில் சுற்றாததும் அச்சின் சாய்வும் சேர்ந்து செய்யும் கோளாறு அது. காலை நடைக்குப் போகிறவர்கள், "பொங்கல் ஆகியும் விடியவே மாட்டேங்குதே" என்று சொல்வது வெறும் அலுப்பல்ல, கடிகாரமும் அதைத்தான் காட்டுகிறது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் பொங்கலின் மேல் பாய்கிறார்கள். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பரில், நீங்கள் ஜனவரி 14, 15ல் உத்தராயணம் கொண்டாடுகிறீர்களே என்கிறார்கள். பூமியின் அச்சு ஒரு பம்பரத் தள்ளாட்டம்போல 26,000 ஆண்டுக்கு ஒரு முறை மெல்ல வட்டமிடுவதால், நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடும் நம் மாதங்கள் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்னுக்குத் தள்ளிப்போகின்றன. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி. தை பிறப்பும் சூரியன் திரும்புவதும் ஒரே நாளில் நடந்து 1,700 ஆண்டு ஆகிறது. கணக்கு சரி. ஆனால் திரும்பிய நாள் வேறு, திரும்பியது உடம்புக்குத் தெரிகிற நாள் வேறு. நெல் வீட்டுக்கு வந்து, பனி விலகத் தொடங்கும் நாளில் அந்தச் சூரியனுக்குப் பொங்கல் வைப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

உறவில் இந்தத் தாமதம் தெரியாமல் அவசரப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகும். முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாது, பழைய சூடு மண்ணில் இருக்கும். "பேசாவிட்டால் என்ன, நன்றாகத்தானே இருக்கிறோம்" என்பார்கள். குளிர் பிறகுதான் வரும். அப்புறம் ஒருவர் மனம் மாறி வீட்டுக்குப் போவார். மற்றவர் முகம் கொடுக்க மாட்டார். "நான் இறங்கிப் போனேன், அவன் இன்னும் முறைக்கிறான்" என்று திரும்பிவிடுவார். அவர் போனது டிசம்பர் 22. இனிமேல்தான் ஜனவரி. சமாதானம் தொடங்கிய பிறகும் சில நாள் குளிர் கூடத்தான் செய்யும், பகல் மட்டும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடமாக வளர்ந்துகொண்டிருக்கும். அந்தச் சில வாரங்களைத் தாங்கத் தெரியாமல்தான் பாதிச் சமாதானங்கள் முறிகின்றன.

ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் என்று ஏளனமாக நினைக்க வேண்டாம். நெல்லுக்கு அது தெரியும். எங்கள் பக்கத்துப் பழைய சம்பா ரகங்கள் பல, பகல் குறைவதைப் பார்த்துத்தான் பூக்கும். விதைப்பு கொஞ்சம் முன்னே போனாலும் பின்னே போனாலும், கதிர் வெளிவரும் காலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். 1966ல் வந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்களில் இந்தக் குணத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் எந்தப் போகத்திலும் அவை விளைகின்றன. விளைச்சல் கூடியது, பசி தீர்ந்தது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் வருடம் முழுவதற்கும் ஒன்றரை மணி நேரமே மாறும் நம் பகலை ஒரு புல் இவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

கடைசியாக வடதுருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் 21 அன்று அங்கே இருபத்து நாலு மணி நேரமும் பகல். அன்றைக்கு வளிமண்டலத்தின் மேல் வந்து சேரும் வெயிலைக் கூட்டினால் நிலநடுக்கோட்டுக்குக் கிடைப்பதைவிடத் துருவத்துக்கு அதிகம். இருந்தும் அங்கே உறைநிலையை ஒட்டித்தான் குளிர் நிற்கிறது. வெண்பனி பெரும்பகுதி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, எஞ்சியதும் பனியை உருக்கவே செலவாகிறது. நம்மில் சில பெரியவர்கள் இப்படித்தான். பிள்ளைகள் வந்து எதிரே உட்கார்ந்தால், "இப்பத்தான் ஞாபகம் வந்துதா" என்று ஆரம்பித்து, வந்த வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவோம். பிறகு யாரும் வருவதில்லை என்று பூங்காவில் உட்கார்ந்து பேசுவோம்.

பேரன் பேத்தி இருப்பவர்கள் வரும் ஏப்ரலில் ஒரு காரியம் செய்யுங்கள். சென்னையில் 24ஆம் தேதி பகல் 12 மணி 7 நிமிடத்துக்குப் பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் ஒரு டம்ளரையோ பென்சிலையோ செங்குத்தாக நிறுத்துங்கள். மதுரைக்காரர்கள் 16ஆம் தேதி வாக்கில் 12 மணி 17 நிமிடத்துக்கு, கன்னியாகுமரிக்காரர்கள் 10ஆம் தேதி வாக்கில். அடியில் நிழல் இராது. ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாமல், அதே பென்சிலை டிசம்பர் விடுமுறையில் அதே இடத்தில் நிறுத்தி நிழலை அளக்கச் சொல்லுங்கள். பென்சிலின் நீளத்தில் முக்கால் பங்குக்கு வந்திருக்கும். ஏப்ரலில் மேகம் மறைத்துவிட்டால் சென்னைக்கு ஆகஸ்ட் 18 அன்று இன்னொரு வாய்ப்பு உண்டு.